ஊர் பெயரும் உரிமை: சோழமண்டலக் கரை நெசவாளரும் கம்பெனி ஆட்சியும்

சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் ஐரோப்பியரிடம் முன்பணம் வாங்கிய நாளிலிருந்தே அவர்களுக்கு அடிமைப்பட்டார்கள் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. முன்பணம் கடனாயிற்று, கடன் கட்டுண்ட உழைப்பாயிற்று, கடைசியில் மான்செஸ்டர் துணி வந்து தறியையே நிறுத்திவிட்டது என்று அந்த வரலாறு ஒரே சரிவாக இறங்குகிறது. இதன் பிற்பகுதியில் உண்மை உண்டு. முற்பகுதியை ஏற்க இயலாது. ஏறத்தாழ 1640 முதல் 1760 வரை முன்பணம் நெசவாளரைவிட வாங்குவோரையே அதிகமாகக் கட்டிப்போட்டது. அந்த நிலை தலைகீழானதற்கு முதற்காரணம் சந்தையன்று, அரசு. பல அரசுகளும் பல கம்பெனிகளும் போட்டியிட்ட கரை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி என்ற ஒரே கம்பெனியின் ஆளுகைக்குள் வந்தபோதுதான் நெசவாளர் பேரம் பேசும் வலிமையை இழந்தனர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டச்சுக்காரர் 1610-இல் பழவேற்காட்டிலும், ஆங்கிலேயர் 1611-இல் மசூலிப்பட்டினத்திலும், டேனியர் 1620-இல் தரங்கம்பாடியிலும் காலூன்றினர். சென்னைக் கோட்டைக்கு 1639-இல் இடம் கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரிக்கு வந்தனர். இவர்களை இங்கே இழுத்தது துணி. மிளகும் கிராம்பும் விளைந்த கீழைத் தீவுகளில் ஐரோப்பியச் சரக்குக்கு மதிப்பில்லை. சோழமண்டலத் துணியைக் கொடுத்தால்தான் அங்கே வாசனைப்பொருள் கிடைத்தது. பின்னர் நீலம் தோய்த்த துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவரை சென்று, அடிமை வாணிபத்தில் மனிதருக்கு விலையாகவும் ஆயின. நம் கரையின் செழிப்பைப் பேசும்போது இந்தத் தொடர்பை மறைப்பது நேர்மையாகாது. எனினும் கம்பெனிகள் பல வாடிக்கையாளருள் சிலரே. கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை மரக்காயர்களும் செட்டிகளும் தம் கப்பல்களில் அச்சேக்கும் கடாரத்துக்கும் துணி ஏற்றிவந்தனர். உள்நாட்டுக் கோயில்களும் அரண்மனைகளும் சந்தைகளும் வாங்கிய துணி இவற்றுக்கு மேல்.

முன்பணத்தின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கம்பெனி தன் தலைமை வணிகரோடு ஒப்பந்தம் செய்யும். அவர்கள் தரகர்கள் வழியாகவும் நெசவாளர் தலைவர்கள் வழியாகவும் ஊர்களுக்குப் பணத்தை அனுப்புவார்கள். நெசவாளர் அதைக் கொண்டு நூல் வாங்குவார். துணி முடியும்வரை குடும்பத்துக்கு அரிசியும் வாங்குவார். தறி அவருடையது, நெய்து முடித்த துணியும் ஒப்படைக்கும்வரை அவருடையதே. இந்த ஏற்பாட்டின் உள்ளீட்டைத் தெளிவாக்கியவர் வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நெசவாளர் எப்போது வேண்டுமானாலும் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். வணிகருக்கு அப்படி விலகும் உரிமை இல்லை என்று அவர் காட்டுகிறார். நூல்விலை ஏறினால், அல்லது வேறொருவர் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தால், நெசவாளர் பழைய ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிந்தது. வசூலாகாத முன்பணம் வணிகர் கணக்கில் நட்டமாக நின்றது. தரக்குறைவென்று கம்பெனி தள்ளிய துணி வணிகர் தலையில்தான் விழுந்தது. கோட்டைக் கடிதங்களில் நெசவாளரைப் பற்றி வரும் ஓயாத புலம்பல்களை, பிடிவாதக்காரர், சொல் தவறுபவர், இழையைக் குறைப்பவர் என்ற வசைகளை, இந்த ஒளியில் வாசிக்க வேண்டும். அடிமைப்பட்டவரைப் பற்றி எசமானர் இப்படிப் புலம்புவதில்லை.

இந்த வலிமை எங்கிருந்து வந்தது? துணிக்கு இருந்த தேவை மட்டும் விடையாகாது. தேவை மிகுந்த பிற்காலத்திலும் நெசவாளர் நசுக்கப்பட்டார்கள். என் கருத்தில், அது ஊர் பெயரும் ஆற்றலிலிருந்து வந்தது. குழித்தறியின் கட்டைகளையும் அச்சுப் பண்ணையையும் கழற்றி எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் சில நாளில் வேறூர் போய்விடலாம். போகும் இடத்தில் வரவேற்பும் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை, செஞ்சி, மதுரை நாயக்கர்களும் கோல்கொண்டா சுல்தானும், பிறகு மராட்டியரும் முகலாயரும் ஆற்காட்டு நவாபும், இடையிடையே பாளையக்காரர்களும் இந்நிலப்பரப்பைப் பங்கிட்டு ஆண்டனர். ஒவ்வொருவருக்கும் தறிக்கடமை வேண்டும். தறி வேண்டுமானால் நெசவாளர் வேண்டும். வரியைக் குறைத்தும் சில ஆண்டுகளுக்கு நீக்கியும் அவர்களைக் குடியமர்த்தினர். விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் கைக்கோளருக்குத் தண்டும் சங்கும் உரிமையாக வழங்கப்பட்டதைக் குறிப்பிடுவதும் இந்தத் தேவையின் மொழியே. உரிமை கிடைத்த ஊரைக் காட்டி அடுத்த ஊரார் அதே உரிமையைக் கேட்டனர்.

கம்பெனியும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டது. சென்னைக் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், 1734-இல், கூவம் ஆற்றின் வளைவில் சிந்தாதிரிப்பேட்டை உருவாயிற்று. சுங்குராம செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில் நெசவாளர், நூற்போர், துணிக்கு வண்ணம் எழுதுவோர், வெளுப்போர் ஆகியோருக்கு வீட்டுமனை தரப்பட்டது. கோயிலுக்கும் இடம் விடப்பட்டது. ஒரு பெருவணிகரின் நிலத்தை எடுத்து நெசவாளருக்குக் கொடுக்கும் அளவுக்குக் கோட்டைக்கு அவர்கள் தேவைப்பட்டார்கள். கட்டளையிட்டு வரவழைக்க முடிந்திருந்தால் இத்தனை ஏற்பாடு எதற்கு?

வலங்கை, இடங்கை என்ற இரு சாதிக் கூட்டணிகளின் பூசல்களையும் இங்கே மறுவாசிப்புச் செய்யலாம். சென்னையில் 1652-இலும் 1707-இலும் மூண்ட கலகங்கள் தெரு உரிமை, ஊர்வல உரிமை பற்றிய மூடச் சண்டைகளாகவே பெரிதும் எழுதப்பட்டிருக்கின்றன. 1707 பூசலின்போது வலங்கையார் நகரைவிட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டனர். அப்போதைய கவர்னர் தாமஸ் பிட்டின் நிர்வாகம் அவர்களைத் திரும்ப அழைக்கப் படாதபாடு பட்டது. கம்பெனியின் ஒப்பந்தம் எந்தப் பிரிவு வணிகருக்கு என்ற கேள்வியும் அந்தப் பூசலுக்குள் இருந்தது. சாதி உரிமையும் வாணிப உரிமையும் அங்கே பிரிக்க முடியாதவை. கூட்டமாக வெளியேறுதல் இரண்டுக்கும் பொதுவான ஆயுதம். அந்த ஆயுதம் எல்லாருக்கும் ஒரே கூர்மையோடு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பறையர் சமூகத்தில் நெசவு செய்தவர்கள் பலர் வேளாண் கூலி உறவுகளிலும் சிக்கியிருந்தார்கள். கைக்கோளரோ தேவாங்கரோ சேணியரோ பெற்ற இடம்பெயர் உரிமை அவர்களுக்கு அந்த அளவில் வாய்த்திருக்க முடியாது.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு கொடிய மறுபக்கமும் உண்டு. நெசவாளர் அரிசியை விலைக்கு வாங்கி உண்பவர். நிலத்தோடு பிணைப்பில்லாததால் பஞ்சத்தில் அவருக்குப் பிடிமானமும் இல்லை. 1646–47 பஞ்சத்தில் சென்னையிலும் பழவேற்காட்டிலும் மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். துணிக் கொள்முதல் முடங்கியது. பீஜப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் 1659–61-இல் தஞ்சைப் பகுதியைச் சிதைத்தபோது, பசித்தவர்களை டச்சுக்காரர் அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் ஏற்றிச் சென்றார்கள். ஆகவே அக்கால நெசவாளரின் வாழ்வை வளவாழ்வாகச் சித்திரிப்பதும் பிழையே. பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் கூலி, தானிய அளவில், பிரிட்டிஷ் நெசவாளர் கூலிக்கு ஈடானது என்று பார்த்தசாரதி வாதிட்டார். பொருளியல் வரலாற்றாசிரியர்கள் ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுபிரியா குப்தாவும் அதை மறுத்தனர். இந்த விவாதம் பயனுள்ளதே. ஆனால் சராசரிக் கூலியை அளப்பதில் ஒரு குறை இருக்கிறது: நல்ல ஆண்டில் பேரம் பேசி வென்றவரும் பஞ்ச ஆண்டில் தறியை விற்றவரும் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறார்கள். கூலியின் அளவைவிட, அதை மறுத்து எழுந்து போகும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே சமூக வரலாற்றுக்குக் கூர்மையான கேள்வி.

அந்த உரிமை பறிபோன விதத்தைக் காலவரிசையில் காணலாம். புதுச்சேரி 1761-இல் வீழ்ந்தது. திரும்பக் கிடைத்தபின் பழைய வலிமை அதற்கு மீளவில்லை. டச்சுக்காரரின் நாகப்பட்டினம் 1781-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. போட்டி வாங்குவோர் ஒவ்வொருவராக ஒதுக்கப்பட்டனர். அதே வேகத்தில் நிலமும் கைமாறியது: 1763-இல் செங்கல்பட்டு ஜாகீர், 1765-ஐ ஒட்டி வட சர்க்கார், 1799-இல் தஞ்சை, 1801-இல் கர்நாடகம். வாங்குபவரே வரி வசூலிப்பவராகவும் நீதி வழங்குபவராகவும் ஆனபின், 1760-களின் இறுதியிலிருந்து கம்பெனி இடைவணிகரை விலக்கி நெசவாளரோடு நேரடியாக ஒப்பந்தம் செய்யத் தொடங்கியது. முன்பணம் வாங்கியவர் பிறருக்கு நெய்யக்கூடாது என்றாயிற்று. தறி வாசலில் சேவகர் நின்றார். அவருடைய படிச்செலவையும் நெசவாளர் தலையில் கட்டினார்கள். ஓடிப்போனவரைப் பிடித்துவர அடுத்த ஊரிலும் அதே கம்பெனியின் அதிகாரி இருந்தார். முன்பணம் என்ற பெயர் மாறவில்லை, தொகையும் பெரிதாக மாறவில்லை. அதைத் திருப்பி எறிந்துவிட்டுப் போவதற்கு எல்லைக்கு அப்பால் ஓர் ஊர் இல்லாமற்போனது.

கடலூர்ப் பகுதியிலும் வட சர்க்காரிலும் நெசவாளர் எதிர்த்தனர். ஊர்களுக்கிடையே ஓலை அனுப்பித் திரண்டனர், வேலையை நிறுத்தினர். பழைய முறைப்படி வணிகர் வழியாகவே முன்பணம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. இடைத்தரகரைச் சுரண்டலின் உருவமாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கலாம். வணிகரோடு சண்டையிட்டு வெல்ல முடியும், ஆட்சியோடு முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நெசவாளருக்கு நூல் நூற்ற பெண்களைப் பற்றிக் கம்பெனி ஆவணங்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றன. ஒரு தறி ஓடப் பல கதிர்கள் சுழல வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பல சாதிகளையும் சேர்ந்த பெண்கள், அவர்களுள் கைம்பெண்களும் இருந்தனர். அவர்களுக்கு முன்பணமும் இல்லை, கூடி வெளியேறும் வழக்கமும் இல்லை. நூலை வாரச்சந்தையில் கிடைத்த விலைக்கு விற்றார்கள். நெசவாளரின் பேர வலிமை நூல்விலையை அடக்குவதிலும் பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைநூல் வந்தபோது நெசவாளர் பலர் அதையே வாங்கி நெய்து பிழைத்தனர். பிழைப்பை முதலில் இழந்தது நூற்ற கைகள். அவர்கள் வரலாற்றை எழுத ஒப்பந்தங்களும் கலக விசாரணைகளும் போதா. கொள்முதல் கணக்குகளில் சிதறிக் கிடக்கும் நூல்விலைகளையும் பருத்திவிலைகளையும் ஆண்டுவாரியாகத் தொகுத்து, இரண்டுக்கும் இடையே நின்ற வேறுபாட்டிலிருந்து அவர்கள் கூலியைக் கணிக்கத் தொடங்க வேண்டும்.