ஜன்னலோரத்துக் கை: மீன்தொட்டியின் வரலாறு குறித்து

மீன்தொட்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்ணாடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது, கண்ணாடி மலிந்தது, நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக்குள் கடல் வந்து உட்கார்ந்தது என்று. பொய்யில்லை. ஆனால் கண்ணாடிக்குள் ஊற்றின தண்ணி நாலு நாளில் நாறிப்போகுமே, அதை நாறாமல் பார்த்துக்கொண்டது யார்?

1846இல் ஆனா தின் என்கிற சீமாட்டி டார்க்கீ கடற்கரையில் பவள உயிரிகளைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டுவருகிறார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்நிலைப் பாதிரியார். லண்டனில் கடல்நீருக்கு எங்கே போவது? இருக்கிற நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும்; அதில் காற்று கலந்தாக வேண்டும். அவர் கண்ட வழி, திறந்த ஜன்னல் முன் நின்று அரை மணி, முக்கால் மணி நேரம் நீரை மாற்றி மாற்றி ஊற்றுவது. நம்மூர் டீக்கடையில் டீ ஆற்றுகிற மாதிரிதான். ஊற்றியது சீமாட்டி இல்லை, வீட்டு வேலைக்காரப் பெண். 1859இல் அச்சான தன் குறிப்பில் சீமாட்டி இதை மறைக்கவுமில்லை. களைப்பான வேலைதான் என்று ஒத்துக்கொள்கிறார். கூடவே, அந்தச் சின்னப் பெண்ணுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது என்றும் சேர்த்துக்கொள்கிறார். வேடிக்கையாக இருந்ததா என்று அவள் வாயால் கேட்க நமக்கு வழியில்லை. பவளத்துக்குப் பெயர் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

இன்று ஃபில்டர் என்று கடையில் நாம் வாங்குவது ஒருகாலத்தில் இந்தப் பெண்ணின் தோள்பட்டை.

நாலே வருஷத்தில் அந்தக் கை வரலாற்றிலிருந்து காணாமல் போகிறது. 1850இல் ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியலாளர், இரண்டு தங்கமீன், நாடா போல இலை விடும் வாலிஸ்னேரியாச் செடி, கொஞ்சம் நத்தை இவற்றை வைத்துத் தன் சோதனையை வெளியிடுகிறார். செடி பிராணவாயு தரும், மீன் கரியமில வாயு தரும், அழுகின இலையை நத்தை தின்னும். யாரும் கைவைக்க வேண்டாம், எல்லாம் தானே நடக்கும். இதற்குச் 'சமநிலை' என்று பெயர். தானியச் சட்டங்கள் 1846இல் நீக்கப்பட்டு, சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று பேசிக்கொண்டிருந்த தேசம் அது. வாரிங்டன் பொருளாதாரம் படித்துவிட்டு மீன் வளர்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உழைப்பே இல்லாமல் இயங்கும் ஒரு குட்டி உலகம் என்கிற கதையாடல் அந்த வரவேற்பறைகளில் அவ்வளவு சுலபமாக எடுபட்டதற்கு வேறு காரணமும் இருந்திருக்கும்தானே?

சமநிலை பெரிய தொட்டிக்குக் கட்டுப்படியாகவில்லை. 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் அமைத்த மீன்காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய நீர்த்தேக்கம் பார்வையாளர் கண்ணில் படாமல் இருட்டில் கிடந்தது. நீராவிப் பம்பு நீரைச் சுற்றிச் சுற்றி ஓட்டியது. பம்புக்குக் கரி அள்ளிப்போட ஆள் வேண்டுமில்லையா.

நீரோட்டம் உண்மையில் என்ன செய்கிறது என்பது விளங்கப் பின்னும் கொஞ்சகாலம் ஆனது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி நுண்ணுயிர்களைப் பிரித்துக் காட்டினார். மீனின் கழிவிலும் தின்னாமல் விட்ட தீனியிலும் உண்டாகும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். ஃபில்டர் வெறும் சல்லடையில்லை. இதுகள் குடியிருக்கும் சேரி அது. பிராணவாயுவோடு நீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் இதுகள் பிழைக்கும். புதுத் தொட்டியில் இதுகள் பெருகச் சில வாரங்களாகும். அவசரக்காரர் அன்றைக்கே மீனை நிறைத்துக் கொல்கிறார். சுத்தக்காரர் ஃபில்டர் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில் 'பளிச்'சென்று அலசி, வேலை செய்கிற கூட்டத்தையே சாகடிக்கிறார். தொட்டித் தண்ணியிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். ஓட்டத்திலும் அளவு உண்டு. நீளத் துடுப்பு வளர்த்துவிடப்பட்ட பெட்டா மீன் வேகத்தில் நீந்தியே களைத்துச் சாகும். நீர் விழும் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும்.

தீனி விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. வீட்டில் தீனி போடுகிற கை எப்போதும் எசமானின் கை, அல்லது எசமான் பிள்ளையின் கை. மீன் ஓடிவரும், பார்க்கச் சந்தோஷம், இன்னொரு சிட்டிகை. ஓரிரு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போடுவதெல்லாம் மீனுக்கில்லை, போடுகிறவரின் கருணைக்கு. மிச்சம் அடியில் அழுகும். அந்த நீரை மாற்றும் வாளி வேறு கையில் இருக்கும்.

சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இந்தத் தொழிலில் தீனியாக விற்கும் டியூபிஃபெக்ஸ் என்கிற சிவப்புப் புழு சாக்கடைச் சேற்றில் வளர்வது. அதை ஓடுகிற தண்ணியில் பலமுறை அலசி, நாற்றம் போக்கி, உயிரோடு பாலித்தீன் பையில் கட்டித் தருகிறார்கள். சேற்றுக்குள் யாராவது இறங்கி அரித்தால்தான் புழு கிடைக்கும்.