நோன்புக் கஞ்சி: சொல்லும் சுவடும்

நோன்பை முடித்து உண்பதை அரபியர் ‘இஃப்தார்’ என்பர். பிளத்தல் எனும் பொருளுடைய ‘ஃபதர’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழ் முஸ்லிம்களாகிய நாமோ நோன்பைத் திறக்கிறோம். உருதுவில் ‘ரோஸா கோல்னா’ என்பதும் மலாயில் ‘பெர்புக்கா புவாசா’ என்பதும் திறத்தலையே குறிப்பன. ‘நோன்பு’ என்பதோ, பொறுத்தல் எனப் பொருள்தரும் ‘நோல்’ என்னும் பழந்தமிழ் வேரினது. தொழுகை, பள்ளிவாசல் என்று பெயரிட்ட நம் முன்னோர் இதற்கும் தாய்மொழியிலேயே பெயர் கண்டனர். சொல்லில் செய்ததையே அவர்கள் சட்டியிலும் செய்தார்கள் என்பது நமது கருத்து.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மஃரிபுத் தொழுகைக்கு முன் கனிந்த புதுப் பேரீச்சம்பழங்களால் நோன்பு திறப்பார்கள்; அவை இல்லையெனில் உலர்ந்த பழங்களாலும், அவையும் இல்லையெனில் சில மிடறு தண்ணீராலும் திறப்பார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. ஆகவே சுன்னத்து என்பது பேரீச்சம்பழமும் தண்ணீருமே. கஞ்சியையும் சுன்னத்தாக உயர்த்திப் பேசுவோர் நம்மிடையே உளர். நபிவழியில் இல்லாத புதுமையென்று அதை விலக்குவோரும் உளர். இவ்விரு சாராரும் ஆதத்தை இபாதத்தோடு கலந்துவிடுகின்றனர். கஞ்சி குடிப்பது ஊர் வழக்கம்; வணக்கம் அன்று. வழக்கம் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்பது ஃபிக்ஹுக் கலையின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்றென்பதை இவர்கள் அறியாதவர்களும் அல்லர். நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கு அந்நோன்பாளியின் நற்கூலி போன்றது உண்டு என்னும் நபிமொழியே பள்ளிவாசல் அடுப்பை எரியவைப்பது. அந்த உணவு இன்னதாகத்தான் இருக்க வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை.

கஞ்சி அரபு வணிகர் கொண்டுவந்த பண்டம் என்று கூறுவாரும் உண்டு. அரபு நாட்டிலும் கஞ்சியை ஒத்த உணவுகள் உள்ளன என்பது மெய்யே. வாற்கோதுமை மாவில் செய்யும் ‘தல்பீனா’ நோயுற்றவரின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. கோதுமையையும் இறைச்சியையும் நெடுநேரம் வேகவைத்துக் குழைக்கும் ‘ஹரீஸா’ ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) பக்தாதில் எழுதப்பெற்ற ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலில் இடம்பெற்றுள்ளது. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஹைதராபாத் ஹலீம் இந்த ஹரீஸாவின் வழித்தோன்றலே.

நமது சட்டியில் கோதுமை எங்கே? பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, இறுதியில் தேங்காய்ப்பால்: இவை நெல் விளையும் கடற்கரைநாட்டுச் சரக்குகள். வெந்தயம் வெறும் வயிற்றின் சூட்டைத் தணிக்கும் என்பார்கள் நம் பாட்டிமார். ஈழத்துப் பட்டையும், மலுக்குத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட கிராம்பும் மரக்கலம் ஏறி வந்தவை. கொத்துக்கறி வசதிக்கேற்பச் சேர்வது. பெயரும் நம்முடையதே. 1563இல் கோவாவில் அச்சான நூலில் போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மிளகும் சீரகமும் இட்ட அரிசிக் கஞ்சியை ‘கன்ஜெ’ என்றே குறித்துள்ளார். நோயாளிகளுக்கு அதைப் புகட்டினார்களாம்!

அஸருக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் தூக்குச்சட்டிகளோடு சிறுவர்கள் நிற்கும் வரிசையைப் பாருங்கள். அவ்வரிசையில் முஸ்லிம் அல்லாத அண்டைவீட்டாரின் பிள்ளைகளும் நிற்பர். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக் கஞ்சி ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் இல்லை. செல்வர் ஒருவர் ஒருநாள் செலவை ஏற்பார். வறியவர் ஒரு படி அரிசி தருவார். இரண்டும் ஒரே சட்டியில் வேகும். வீடுகளில் இப்போது எண்ணெயில் பொரித்தவை தட்டை நிறைக்க, கஞ்சி ஓரத்துக் கிண்ணமாகச் சுருங்கிவருவது நமக்கு உவப்பாக இல்லை.

2001 முதல் தமிழ்நாடு அரசு இக்கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கிவருகிறது. ஆட்சிகள் மாறியும் அது நிற்கவில்லை. 2020இல் கொள்ளைநோயால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, கஞ்சி காய்ச்ச இயலாது போயிற்று. அவ்வாண்டு 2,895 பள்ளிவாசல்களுக்கென ஒதுக்கிய 5,450 டன் பச்சரிசி, சமைக்கப்படாமலே வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பொதுச்சட்டி இல்லாத அந்த ரமளானில்தான் பலர் முதன்முறையாகத் தம் வீட்டடுப்பில் நோன்புக் கஞ்சி காய்ச்சினர்.

கடல் கடந்த நம்மவரும் இதை விடவில்லை. சிங்கப்பூரில் சூலியாக்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலிலும், பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலும் ரமளானில் கஞ்சி உண்டு. மலாய் மக்களும் அதை விரும்பிக் குடிக்கின்றனர். அவர்கள் வைத்த பெயர் ‘பூபூர் கஞ்சி’. மலாயில் ‘பூபூர்’ என்றாலே கஞ்சிதான்.