இரண்டாம் ஊசிக்கு ஏன் காத்திருக்கிறோம்?

குழந்தைக்கு 6ஆம் வாரத்தில் தடுப்பூசி போட்டதும் செவிலியர் அட்டையில் அடுத்த தேதிகளைக் குறித்துத் தருகிறார்: 10ஆம் வாரம், 14ஆம் வாரம். மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சமாகுமே என்று நீங்கள் எண்ணியதுண்டா?

இங்கிலாந்தில் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் கிளென்னி, தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சை விலங்குகளுக்குச் செலுத்தி ஆராய்ந்தவர். அவரும் சூட்மெர்சென் என்பவரும் 1921இல் ஓர் உண்மையை விளக்கினர். முதல் ஊசிக்குப்பின் குருதியில் எதிர்ப்பொருள் மெதுவாக, சிறிதளவே தோன்றுகிறது. சில வாரங்கள் கழித்து இரண்டாம் ஊசி போட்டால், அது விரைவில் பன்மடங்கு பெருகுகிறது. உடல் முதல் பாடத்தை மறப்பதில்லை!

அந்தப் பாடம் படிய நாளாகும். நிணநீர்க் கணுக்களில் சில வெள்ளணுக்கள் பெருகி, நோய்ப்பொருளை மேலும் இறுகப் பற்றும் திறன் பெறுகின்றன. அவற்றுள் சில நினைவு அணுக்களாகத் தங்குகின்றன. இவை பக்குவப்படுமுன் வரும் இரண்டாம் ஊசியால் முழுப்பயன் கிட்டாது.

அப்படியானால் நீண்ட நாள் காத்திருப்பதே நல்லதா? இங்கேதான் சிக்கல். கக்குவான் இருமல் கைக்குழந்தைகளையே கொடுமையாகத் தாக்கும். காத்திருக்கும் நாளெல்லாம் அபாய நாளே. ஆகவேதான் நம் அட்டையில் நான்கு வார இடைவெளி. பின்னர் ஊக்க ஊசிகள்.

இதே சிக்கலை கொரோனாக் காலத்தில் உலகமே கண்டது. ஆக்ஸ்போர்டு தடுப்பூசியை 6 வாரத்துக்குள் இருமுறை போட்டவர்களிடம் அதன் பயன் சுமார் 55 விழுக்காடு. 12 வாரமோ அதற்கு மேலோ காத்திருந்தவர்களிடம் 81 விழுக்காடு. அதுவே இந்தியாவில் கோவிஷீல்டு. 2021 மே 13 அன்று நம் அரசு அதன் இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டியது. மறுநாளே பிரிட்டன், புதுவகைக் கிருமி பரவுவதைக் கண்டு, 50 வயதைக் கடந்தோருக்கு 12 வாரத்தை 8 ஆகக் குறைத்தது! உடலுக்கு வேண்டிய காலம் ஒன்று. நோய் தரும் அவகாசம் வேறொன்று. இரண்டையும் எடைபோட்டே தேதி குறிக்கிறார்கள்.

குறித்த தேதி தவறிவிட்டதா? கலங்க வேண்டாம். பெரும்பாலான தடுப்பூசிகளை முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. நினைவு அணுக்கள் காத்திருக்கும். ஆனால் நோய் காத்திராது. ஆகவே விட்ட ஊசியை விரைந்து போட்டுவிடுங்கள்.