வாந்தூ மலையும் முதிய இடையரும்

கத்தோலிக்கத் திருச்சபைத் தலைவரான திருத்தந்தை அக்காலத்தில் தங்கியிருந்த, இன்றைய தென் பிரான்சின் அவிஞோன் நகரில் வாழ்ந்த இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா, 1336 ஏப்ரல் 26 அன்று, ஏறத்தாழ 1,910 மீட்டர் உயரமுள்ள வாந்தூ மலையில், அதன் உயரத்தைக் கண்ணாரக் காணும் ஆசையால் மட்டுமே தம்பியுடன் ஏறியதாகத் தம் இலத்தீன் கடிதமொன்றில் கூறுகிறார். சரிவில் எதிர்ப்பட்ட முதிய இடையர் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் இதே வேட்கையோடு உச்சிவரை சென்று, பாறையிலும் முள்ளிலும் உடலும் உடையும் கிழிபட்டதன்றி வேறு பயன் காணவில்லை என்று சொல்லித் தடுத்தார். அவர்கள் கேளாதபோது, செங்குத்தான ஒற்றையடிப் பாதையை விரல் நீட்டிக் காட்டியதோடு, சுமையாக இருந்த துணிமணிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார். அரை நூற்றாண்டு முந்திய ஏற்றத்தை அக்கடிதமே பதிவு செய்திருக்க, மலையேற்றத்தின் தந்தை என்று பெத்ரார்க்காவைப் பிற்காலத்தார் கொண்டாடுவது விந்தையே. கடிதத்தின் இன்றைய வடிவம் 1350களில் எழுதப்பட்டதென ஆய்வாளர் பலர் கருதுவதால், இடையரே கற்பனையோ என்ற ஐயமும் எழாமலில்லை.