யார் எந்தப் படியில்? காளஹஸ்தி முதல் ஸ்ரீசிட்டி வரை

சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1921 முதல் 1926 வரை இருந்த பனகல் அரசர் இராமராயநிங்கார் காளஹஸ்தியில் பிறந்தவர். சித்தூரும் திருப்பதியும் அன்று அம்மாகாணத்திற்கு உட்பட்டிருந்தன. அவரது ஆட்சியில், 1921 செப்டம்பர் 16 அன்று முதல் வகுப்புவாரி அரசாணை வெளியாயிற்று. புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்டோரைச் சமூகவாரியாகப் பிரித்து, அரையாண்டுக்கு ஒருமுறை கணக்கு அனுப்புமாறு அது துறைத்தலைவர்களுக்கு ஆணையிட்டது. அலுவலகத்தில் எவர் இருக்கின்றனர் என்பது அதன்பின் அரசு ஆவணமாயிற்று.

ஆனால் அக்கணக்கில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கெனத் தனிப்பிரிவு இல்லை. பிராமணரல்லாதார் என்ற பொதுப்பெயருக்குள் நிலவுடைமைச் சாதியினரும் அவர்தம் நிலங்களில் உழைத்தோரும் ஒன்றாக எண்ணப்பட்டனர். எம்.சி. ராஜா 1923இல் நீதிக்கட்சியிலிருந்து வெளியேறியதன் பின்னணியில் இந்த மனக்குறை இருந்தது. 1927ஆம் ஆண்டு அரசாணையில்தான் பன்னிரண்டு இடங்களுள் ஒன்று அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1947இல் அது பதினான்கில் இரண்டாயிற்று.

வேலைக்குள் நுழைவது ஒன்று, மேலே ஏறுவது வேறொன்று. பதவி உயர்வுக்கான வழக்கு இரயில்வேயிலிருந்து எழுந்தது. ரேணிகுண்டா, திருப்பதி நிலையங்கள் அன்று தென்னக இரயில்வேயின் கீழ் இருந்தன. அந்த இரயில்வேயின் பொதுமேலாளருக்கும் ரங்காச்சாரிக்கும் இடையிலான வழக்கில், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு செல்லும் என உச்சநீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் மூவர் அதற்கு உடன்பட்டனர், இருவர் மறுத்தனர். 1992இல் மண்டல் வழக்கின் தீர்ப்பு இடஒதுக்கீட்டைத் தொடக்க நியமனத்தோடு நிறுத்தியது. 1995இல் எழுபத்தேழாவது அரசியலமைப்புத் திருத்தம் பட்டியல் பிரிவினருக்குப் பதவி உயர்வு உரிமையை மீட்டது. வாயிற்படிக்கான சண்டை ஒருமுறை நடந்தது. மாடிப்படிக்கான சண்டை மும்முறை நடந்தது எனலாம்.

இவை யாவும் அரசுப்பணிக்குரியவை. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. உயர்மேலாண்மை, இடைநிலை மேலாண்மை, தொழில்திறன் பணி எனப் படிநிலை தோறும் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று அவை அறிக்கை தரவேண்டும். உயர்மேலாண்மையில் வெள்ளையரின் பங்கு அவர்தம் மக்கள்தொகை விகிதத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதை அவ்வறிக்கைகளே இன்றும் காட்டுகின்றன. சட்டம் இன்னும் இலக்கை எட்டவில்லை. ஆயினும் எட்டாத தொலைவு எவ்வளவு என்பதை அந்நாடு அறியும்.

திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டி தொழில்நகரம் சத்தியவேடு வட்டாரத்தில் அமைந்துள்ளது. 1960 வரை செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நிலம் அது. அரையாண்டுக் கணக்குக் கேட்ட பழைய அரசாணை அங்கும் செல்லுபடியானது. இன்று அங்குள்ள தொழிற்சாலைகளின் மேலாளர் இருக்கைகளில் எந்தச் சமூகத்தார் அமர்ந்துள்ளனர் எனக் கேட்கச் சட்டமில்லை. ஆந்திர அரசின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காட்டை உள்ளூராருக்கு ஒதுக்கியது. உள்ளூராருள் எவர் எந்தப் படியில் நிற்கின்றனர் என்பதை அது வினவவில்லை.

1921இன் எழுத்தரைப் பற்றி ஆவணக்காப்பகம் ஏதேனும் சொல்லும். இன்றைய மேலாளரைப் பற்றி நாளைய வரலாற்றாய்வாளருக்கு அது எதையும் சொல்லாது. எண்ணப்படாத ஏற்றத்தாழ்வு மறைந்துவிடுவதில்லை. தன்னை மறுக்கும் வசதியை மட்டுமே அது பெறுகிறது.