பல்கலைக்கழக ஆசிரியர்களின் பெருந்தொற்றுக்காலப் பணிச்சோர்வை அளவிடுதல்

வேலையில் நெடுநாள் தொடரும் அழுத்தத்தால் வரும் தீராக் களைப்பும், அந்த வேலையின்மேல் வளரும் கசப்பும் பணிச்சோர்வு எனப்படும். இது மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்றாக வகைப்படுத்தியது. அதையொட்டிப் பல நாடுகளில் பல்கலைக்கழக வகுப்புகள் கணினித் திரைக்கு மாறின. பாடங்களைப் பதிவு செய்வது, இணையவழித் தேர்வு நடத்துவது, வேளைகெட்ட வேளையில் வரும் மாணவர் செய்திகளுக்குப் பதில் சொல்வது என எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. அதனால் ஆசிரியர்களின் சோர்வை அளக்கும் ஆய்வுகளும் பெருகின.

அவற்றில் பயன்பட்ட கருவிகள் பெரும்பாலும் பழையவை. 1981இல் அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் வெளியிட்ட வினாநிரலில் 22 கூற்றுகள் உண்டு: உணர்ச்சிக் களைப்புக்கு 9, மனிதர்களிடம் காட்டும் ஒட்டாமைக்கு 5, சாதித்த நிறைவுக்கு 8. ஒவ்வோர் உணர்வும் எத்தனை முறை எழுகிறது என்பதற்கு 0 முதல் 6 வரை மதிப்பெண். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது. அவசர ஆய்வுகளில் நேரும் பிழை இது. ஆசிரியர்களுக்கென இதற்குத் தனி வடிவமும் உண்டு.

கட்டணமின்றிக் கிடைப்பது 2005இல் டென்மார்க்கில் வெளியான கோபன்ஹேகன் வினாநிரல். இதன் 19 வினாக்கள் தனிவாழ்வுச் சோர்வு, பணிவழிச் சோர்வு, பயனாளர்வழிச் சோர்வு எனப் பிரிகின்றன. பல்கலைக்கழகத்தில் பயனாளர் என்ற இடத்தில் மாணவர் வருவார். களைப்புக்கு எது காரணம் என்று ஆசிரியர் கருதுகிறார் என்பதையே இது கேட்கிறது. வீடே பணியிடமான காலத்துக்கு இந்தப் பிரிவினை மிகவும் பொருந்தியது.

பெருந்தொற்றுக்கென்றே எழுந்த அளவுகோலும் உண்டு. முராத் யில்திரிம், ஃபாத்மா சோல்மாஸ் என்ற துருக்கி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட அதில் 10 கூற்றுகள் உள்ளன. ஆனால் அது அளப்பது கோவிட் தந்த சலிப்பை. பாடம் நடத்துவதால் வந்த சோர்வை அல்ல. நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்போ பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல் தொழில்சார் நிகழ்வாக மட்டுமே ஏற்கிறது; வாழ்வின் பிற துறைகளுக்கு அச்சொல்லைப் பயன்படுத்தலாகாது என்கிறது.

இத்தகைய வினாநிரல்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்தும்போது அவற்றின் கூற்றுகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கிரான்பாக் ஆல்பா என்ற எண் காட்டும்; அது 0.70க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பர். ஆயினும் அளக்க எண்ணியதைத்தான் அளந்தோமா என்பதை அந்த எண் சொல்லாது. அதற்குக் காரணிப் பகுப்பாய்வு போன்ற வேறு சோதனைகள் வேண்டும். சோர்வுக்குப் பெருந்தொற்றுதான் காரணம் என்று சொல்ல, அதே ஆசிரியர்களிடம் 2020க்கு முன் எடுத்த அளவு தேவை. ஒருமுறை மட்டும் இணையத்தில் நடத்தும் கருத்தெடுப்பில் அது கிடைக்காது. மிகவும் சோர்ந்திருப்பவர் அதற்குப் பதிலளிக்காமலே விட்டுவிடவும் கூடும்.