மலையகத் தோட்டப் பாடசாலையும் இணையவழிக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொவிட் பெருந்தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, வகுப்பறை கையடக்கத் தொலைபேசிக்குள் இடம்பெயர்ந்தது. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த மாணவர் பலர் அவ்வகுப்பறைக்குள் நுழையவே இயலாது போயினர். அலைத்தொடர்பு இன்மை, கருவி இன்மை, பணம் இன்மை என்பன அதற்குரிய காரணங்களாகப் பொதுவிற் கூறப்படுவன. இவை உண்மையே. ஆயினும் இத்தடைகள் நேற்றுத் தோன்றியவை எனக் கொள்வோமாயின், தொலைபேசி வழங்குவதோடு நமது கடமை முடிந்துவிட்டதாகக் கருதிவிடுவோம். மலையகக் கல்வியின் வரலாறு அவ்வாறு கருத இடந்தருவதில்லை.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. பிள்ளை கொழுந்து பறிக்க வருவதால் நன்மை பெறுபவரே அப்பிள்ளை எழுத்தறியவும் வழிசெய்ய வேண்டும் என்பது இவ்வேற்பாட்டின் உள்முரண்பாடாகும். 1920 ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடமையை வலியுறுத்திய போதிலும், ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் சில கீழ்வகுப்புகளும் என்பதே நெடுங்காலம் தோட்டப் பாடசாலையின் பொது இயல்பாக இருந்தது.

1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகள் அப்பெருநீரோட்டத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றன. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. வாக்கை இழந்த சமூகம் பாடசாலை கேட்கும் வலுவையும் இழந்தது. தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளிலே தேசியமயமாக்கப்பட்ட பின்னரே, எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாடு 1945 இற் பெற்றதை மலையகம் பெறுவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேற் சென்றன.

இவ்விடைவெளியே 2020 இல் வேறொரு வடிவிற் புலப்பட்டது. பெருந்தொற்றுக்கு முன்னர் லேர்ன் ஏசியா நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, பிள்ளைகள் உள்ள இலங்கை வீடுகளில் அரைவாசிக்குக் குறைவானவற்றிலேயே கணினியோ திறன்பேசியோ இருந்தது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீடுகளுக்கே இணைய இணைப்பு இருந்தது. இது நாடு முழுவதற்குமான கணக்கு. கணினி அறிவில் நகரம், கிராமம், தோட்டம் என்னும் மூன்று துறைகளுள் தோட்டத்துறையே கடைசியில் நிற்பதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. அன்று அடிப்படை நாட்கூலி 700 ரூபா. 2021 மார்ச்சிலேயே மொத்த நாட்கூலி 1000 ரூபாவாயிற்று. இக்கூலியில் ஒரு திறன்பேசி வாங்குவதென்பது பல நாள் உணவுச் செலவை விடுத்தலாகும். மேலும், ஊரடங்கிலும் தேயிலைத் தொழில் நடைபெற அனுமதிக்கப்பட்டமையால் பெற்றோர் மலைக்குச் சென்றனர். லயன் காம்பராவில் இருந்த பிள்ளைக்குப் பாடத்தைத் தொடர உதவ எவரும் இலர். பல்கலைக்கழக மாணவர் தம் கற்றற் தளங்களைக் கட்டணமின்றி அணுகுவதற்கு லேர்ன் வலையமைப்பின் வழி ஏற்பாடு செய்யப்பட்டது. பாடசாலை மாணவரின் சூம், வட்ஸ்அப் வகுப்புகளுக்கோ பெற்றோரே ‘டேட்டா’ வாங்க வேண்டியிருந்தது.

அவ்வாறாயின் தீர்வு யாது? அதனையும் வரலாற்றிலேயே காணலாம். எண்பதுகளிற் சுவீடன் நாட்டு உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்கென்றே ஒரு மேம்பாட்டுத் திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. மலையகத்துப் பிள்ளைகள் பலர் ஆசிரியராகி மலையகத்திலேயே கற்பிக்க அது வழி திறந்தது. கட்டடமும் ஆசிரியரும் மாணவனின் அருகே வந்தபோதே முன்னேற்றம் நிகழ்ந்தது என்பது ஈண்டு கருதத்தக்கது.

ஆகவே இணைப்பும் அருகே வருதல் வேண்டும். வீட்டுக்கொரு கருவி என்பது எட்டாக்கனியாக இருக்கும் வரை, ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் உள்ள பாடசாலையையோ பொதுமண்டபத்தையோ இணைய வசதியுள்ள மாலைப் படிப்பகமாக்கலாம். உயர்வகுப்பு மாணவர் அங்கு சிறுவருக்குத் துணைநிற்கலாம். மலை மறைப்பால் அலைத்தொடர்பு கிடையாத இடங்களுக்குக் கருவியிற் பதிந்த பாடங்களும் அச்சிட்ட பயிற்சித் தாள்களும் செல்லல் வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு அளித்த கட்டணவிலக்கைப் பாடசாலைகளுக்கும் அளித்தல் வேண்டும். 2021 ஒக்டோபரிற் பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்டபோது, இருநூறு மாணவருக்கு மேற்படாத பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளே முதலிற் தொடங்கின. தோட்டப் பாடசாலைகளுட் பல இத்தகையவையே. இனியொரு நெருக்கடியிலும் இத்தகைய சிறு பாடசாலைகளை இறுதியாக மூடி முதலிலே திறக்கும் நெறியை வகுத்தல் நலம்.

பெருந்தொற்று நீங்கியதால் இவ்வினா நீங்கிவிடவில்லை. 2022 இல் எரிபொருட் தட்டுப்பாடு பாடசாலைகளை மீண்டும் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலையகப் பாதைகளைத் துண்டித்தன. அடுத்த இடரின்போதும் தோட்டத்துப் பிள்ளை முப்பதாண்டு காத்திருக்க வேண்டுமா என்பதே நம்முன் உள்ள வினா. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்துசேர்ந்த நம்முட் பலருக்கு, விடுமுறைக் காலத்தில் ஒரு தோட்டப் பிரிவிலேனும் இத்தகைய படிப்பகம் ஒன்றைத் தொடங்கி நடத்துதல் இயலாத காரியமன்று.